பூச்சிகள் புகை தின்ன மறுத்த மூன்று நாட்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற ஒருத்தி பேனாவை எடுத்தால் அறிவுரையாகக் கொட்டுவாள் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். அந்தப் பயம் வேண்டாம். கொல்லிமலையில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை மட்டும் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு என்னவோ அழுகைதான் வந்தது.

நீங்கள் இப்போது பார்க்கிற பெரிய டாங்க்குகள், மின்னும் குழாய்கள், கண்ணாடித் தடுப்பு போட்ட கட்டுப்பாட்டு அறை எதுவும் அப்போது இல்லை. அரியூர் நாடு என்ற மலையூரில் விவசாயிகள் சேர்ந்து நடத்திய உலர்த்தும் கூடம் ஒன்று இருந்தது. மழை பிடித்துக்கொண்டால் மலையில் வெயிலை நம்ப முடியாது. அதனால் மிளகையும் மரவள்ளிச் சீவலையும் அங்கேதான் காயவைப்பார்கள். அதற்காக ஒரு மூடிய உலை போட்டிருந்தார்கள். காற்றை அளந்து விட்டு விறகை அரைகுறையாக எரித்தால் ஒரு வாயு வரும். அதில் ஒரு பங்கு உலர்த்தப் போதும். மிச்சம் புகைபோக்கியின் முனையில் நீலமாக எரிந்து வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தைத்தான் நாங்கள் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்த எங்கள் சின்ன டாங்க்குக்குள் விட்டோம்.

அதில் எங்களுக்கு வேண்டியது கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் நாம் சுவாசித்தால் உயிர் போய்விடும். ஆனால் அதையே சோறாகத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. இயற்கையில் அவை அந்த வாயுவைத் தின்று பெரும்பாலும் வினிகராக்கும். எங்கள் குழுவிலிருந்த அருள்ராஜ், கடற்கரை ஊரிலிருந்து மலையேறி வந்தவர், அவற்றின் மரபணுவில் கைவைத்து வினிகருக்குப் போகும் வழியைக் குறுக்கி, எரிசாராயத்துக்குப் போகும் வழியை அகலமாக்கியிருந்தார். வண்டிக்கு ஊற்றலாம், வாயில் ஊற்றக் கூடாது. இந்த இரண்டாவது பாதியை மலை முழுவதும் விளக்கிச் சொல்வதிலேயே எங்களுக்கு முதல் இரண்டு மாதம் போனது. "பொகையில இருந்து சாராயம் எறக்கறாங்களாம்" என்று வளப்பூர் நாடு வரைக்கும் செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து வேலியோரம் நின்று மோப்பம் பிடித்தவர்களும் உண்டு.

உலையைப் பார்த்துக்கொண்டது பழனியம்மா. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வீட்டில் ஆடு, கொஞ்சம் மிளகுக்கொடி, பள்ளத்தில் ஒரு துண்டு நெல்வயல். பகலில் எங்கள் உலை. புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே தீ எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் வெப்பமானி அதைச் சொல்லக் கால் மணி நேரம் பிந்தும். டாங்க்கில் இருப்பவற்றை அவர் பூச்சி என்பார். கேட்டுக் கேட்டு நாங்களும் பூச்சி என்றே சொல்லப் பழகிவிட்டோம். அருள் மட்டும் பிள்ளைகள் என்பார்.

எட்டு மாதம் ஓடியது. ஆய்வுக்கூடத்துச் சுத்த வாயுவில் வளர்ந்த பூச்சிகள் மலைப் புகைக்குப் பழகின. முதலில் சிணுங்கின, பிறகு சாதாரணமாக, கடைசியில் வெறியோடு தின்றன. அந்த எட்டு மாதத்தில் அவை தங்களைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருந்தன. எங்களிடம் முதலில் வந்த பூச்சிகளும் டாங்க்கில் இருந்தவையும் இப்போது ஒன்றில்லை. ஆகவே அவற்றில் கொஞ்சம் எடுத்து உறைய வைத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அருள் இரண்டு தடவை நினைவூட்டினார். அடுத்த வாரம் செய்யலாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். இதை என் முதல் தவறு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறுக்குக் காரணம் சந்தோஷம். ஆய்வுக் குழு ஒன்று திங்கட்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. இந்த வேலை மலையில் தொடரலாமா, இல்லை எல்லாவற்றையும் கழற்றிக் கீழே கொண்டுபோய்விடலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். எண்கள் நன்றாக இருந்தன. இன்னும் நன்றாக இருக்கட்டுமே என்று எனக்கு ஆசை. உலைக்குப் போய், "பழனியம்மா, இனிமே தினமும் ஒன்றரை மடங்கு வாயு வேணும். தீ மட்டும் அணையவே கூடாது" என்றேன்.

"ஆகட்டுங்க மேடம். வெறகு?"

"அதெல்லாம் நீங்க பாத்துக்கங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை காலை எரிசாராயத்தின் அளவு இறங்கியிருந்தது. வினிகர் ஏறியிருந்தது. பூச்சிகள் வாயுவை உறிஞ்சுவதும் குறைந்திருந்தது. நான் பதறவில்லை. டாங்க்கில் கூட்டம் பெருகிவிட்டது, தீனி போதவில்லை, பசியில் கிடக்கின்றன என்று கணக்குப் போட்டேன். வாயுவை இன்னும் திறந்துவிட்டேன். மத்தியானம் இன்னும் இறங்கியது. இன்னும் திறந்தேன்.

சனிக்கிழமை காலை டாங்க் ஏறக்குறைய மூச்சு விடுவதையே நிறுத்தியிருந்தது. உள்ளே போன வாயு அப்படியே மறுபக்கம் வெளியே வந்தது. அருளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்கு வருடம் ஒரு பாக்டீரியாவோடு குடித்தனம் நடத்தியவர் அவர். "மேடம், பிள்ளைங்க செத்துட்டிருக்கு மேடம்" என்றார். இந்தக் கூட்டம் செத்தால் திரும்பக் கொண்டுவர எதுவும் இல்லை. அதற்கு நான் ஒருத்திதான் காரணம்.

தலைமை அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "டாங்க்கைச் சூடாக்கி எல்லாத்தையும் கொன்னுடுங்க. பழைய பூச்சி நம்மகிட்ட ஐஸ்ல இருக்கு. மூணு வாரத்துல மறுபடி ஆரம்பிக்கலாம். திங்கட்கிழமை வர்றவங்ககிட்ட பராமரிப்பு வேலை நடக்குதுன்னு சொல்லிடுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று வாரம் கழித்து மலையில் எங்களுக்கு இடமே இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அருளுக்கு வேறு யோசனை. சத்து நீர் புதிதாக ஊற்றிப் பார்க்கலாம் என்றார். கொல்லு என்கிறார் ஒருவர், ஊட்டு என்கிறார் இன்னொருவர். நீங்கள் சொல்லுங்கள் மேடம் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் இளவயதில் ஒரு வடிசாலையில் வேலை பார்த்தபோது எனக்கு மேலே இருந்த ஒருவர், மீசை வைத்த கடுகடு மனிதர், ஒன்று சொல்வார்: "கருவி பொய் சொல்லாதும்மா, ஆனா நீ கேக்காததையும் சொல்லாது." அது நினைவுக்கு வந்தது. இரண்டு நாளாக நான் டாங்க்கை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். டாங்க்குக்குள் போவது எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்கவே இல்லை. உலை எங்களிடமிருந்து நாற்பது அடி தூரம்.

போய்ப் பார்த்தேன். உலைக்குப் பக்கத்தில் எப்போதும் அடுக்கியிருக்கும் காய்ந்த சில்வர் ஓக் கிளைகளைக் காணோம். அந்த இடத்தில் பச்சைப் பசேலென்று மரவள்ளிக் குச்சி குவிந்து கிடந்தது. கொழுந்தும் தழையும் அப்படியே இருந்தன. ஓரத்தில் ஒரு கூடை மரவள்ளித் தோல் வேறு.

"இது என்ன பழனியம்மா? பச்சைக் குச்சியையா போடறீங்க? யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று கத்தினேன். நான் கத்தினால் கொஞ்சம் பலமாகவே கேட்கும்.

அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "ஏனுங்க மேடம், யாரைக் கேக்கோணும்? வெறகுக்கு என்ன பண்றதுன்னு உங்களைத்தான் கேட்டேன். நீங்க பாத்துக்கங்கன்னு சொன்னீங்க. ஒன்னரை மடங்கு பொகைன்னா இருந்த வெறகு ரெண்டே நாள்ல தீந்து போச்சுங்க. ஊர்ல காப்புக் கட்டியாச்சு. நோம்பி முடியற வரைக்கும் மரத்து மேல அருவா படக் கூடாதுங்க. வெட்டுனா சாமி குத்தம். தீ அணையக் கூடாதுன்னும் சொல்லிப்போட்டீங்க. கெழங்கு புடுங்குன காட்டுல குச்சி கெடந்துச்சு. அருவா வேண்டியதில்ல, அப்படியே அள்ளியாந்தேன். நான் என்ன தப்புப் பண்ணேன்?"

ஒரு தப்பும் இல்லை. நான் அந்த ஊரில் எட்டு மாதமாக இருக்கிறேன். காப்புக் கட்டிய அன்று எனக்கும் பொங்கலும் தேங்காய் மூடியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தின்றேன். அன்று முதல் அரிவாள் தூங்கும் என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. நான் எழுதிய செயல்முறைக் குறிப்பில் "விறகு அல்லது மரவள்ளிக் குச்சி" என்று ஒரே வரி இருந்தது. காய்ந்ததா பச்சையா என்று அதில் ஒரு சொல் இல்லை.

"மன்னிச்சுக்கங்க, தப்பு என்னோடதுதான்" என்றேன்.

அவர் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. "சரி, அதை விடுங்க. பூச்சிக்கு இப்ப என்ன பண்ணுது?"

"தின்ன மாட்டேங்குது. போடற தீனி அப்படியே வெளிய வருது. நேத்துல இருந்து சோர்ந்துபோச்சு. பசிதானேன்னு நான் இன்னும் போட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு."

பழனியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம் இருந்தது. "மேடம், இது மரவள்ளித் தழை தின்ன ஆடுங்க."

"ஆடா?" என்றேன்.

"பச்சைத் தழைய ஆடு மேஞ்சுதுன்னா இப்படித்தானுங்க. நின்ன எடத்துல நின்னுக்கும். அசை போடாது. மூச்சு வாங்கும். வாட வெச்சுக் குடுத்தா ஒண்ணும் பண்ணாது. பச்சையாக் குடுத்தாத்தான் நஞ்சு. இந்த மலையில சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லுமே!"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. பச்சை மரவள்ளியில் சயனைடு வரும் என்பது எனக்கும் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தழையோடு உலையில் போட்டால் வாயுவிலும் அது கலந்து வரும், வாயுவைத் தின்ன உதவும் அந்த நொதியைத்தான் முதலில் கட்டிப்போடும். நான் பசி என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் வாயுவைத் திறந்தபோது நஞ்சையே ஊட்டியிருக்கிறேன். படித்த பெண் நான், என்னத்தைச் சொல்ல!

ஆனாலும் ஒருவர் சொன்னதை வைத்து மட்டும் டாங்க்கில் கைவைக்கக் கூடாது. உலர்த்தும் கூடத்தில் மரவள்ளிச் சீவலில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் சோதனைத் தாள் வைத்திருப்பார்கள். இரண்டு தாளை நனைத்து வாயு வரும் வழியில் மூடிய குப்பியில் தொங்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் செங்கல் நிறமானது. அருள் அதைப் பார்த்து, பிணி என்ன என்று தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் பழனியம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அவர் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"மருந்து என்னங்க குடுப்பீங்க ஆட்டுக்கு?" என்று கேட்டார் அருள்.

"டாக்டரு வந்தா ஊசி போடுவாருங்க. அவரு மலையேறி வாரதுக்குள்ள நாம சும்மா இருக்க முடியுமா? மொதல்ல தீனிய நிறுத்தோணும். நல்லாக் காத்தாடற எடத்துல கட்டோணும். கட்டாயப்படுத்தி ஒண்ணும் ஊட்டக் கூடாதுங்க. அதுவா அசை போட ஆரம்பிச்சா பொழைச்சுக்கும்."

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். வாயுவை முழுக்க நிறுத்தினேன். காற்றாடக் கட்டுவதில்தான் ஒரு சிக்கல். எங்கள் பூச்சிகளுக்குக் காற்று ஆகாது. ஆக்சிஜன் பட்டால் அப்போதே போய்விடும். ஆனால் நைட்ரஜன் சிலிண்டர் இரண்டு இருந்தது. அது அவற்றை ஒன்றும் செய்யாது, கரைந்திருக்கும் நஞ்சைத் துரத்திவிடும். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, வெளியேறும் வாயுவைக் கார நீருக்குள் விட்டு, மெதுவாக நைட்ரஜனைக் குமிழியிடவிட்டோம். வேறு எதுவும் செய்யவில்லை. சத்து நீர் ஊற்றவில்லை, கிளறவில்லை.

சும்மா இருப்பதைப் போலக் கடினமான வேலை நம் தொழிலில் வேறு இல்லை. எதையாவது திருக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நான் என் கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, கொல்லவில்லை, காரணம் தெரிந்துவிட்டது, நாளை மாலை வரை எனக்கு அவகாசம் வேண்டும் என்றேன். "உங்க பொறுப்பு" என்றார். ஆமாம், என் பொறுப்புதான் என்றேன்.

அடுத்த கவலை, பிழைத்தால் எதை ஊட்டுவது? காய்ந்த விறகு ஒரு குச்சி இல்லை. காப்பு அவிழ இன்னும் மூன்று நாள். முள்ளுக்குறிச்சியிலிருந்து லாரியில் விறகு ஏற்றிவரலாமா என்று அருள் கேட்டார். பண்டிகை நேரத்தில் எந்த லாரியும் கிடைக்கவில்லை. பழனியம்மா, "நான் ஊருக்குள்ள போயிட்டு வாரேனுங்க" என்று கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேளச் சத்தம் கேட்டது. கோயிலுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். சத்தம் எங்கள் பக்கம் வந்தது. எட்டிப் பார்த்தால், புதுச்சட்டையும் மஞ்சள் சேலையுமாக ஊரே வருகிறது. ஒவ்வொருவர் தலையிலும் தோளிலும் ஒரு கட்டு விறகு. காப்புக் கட்டுவதற்கு முன்னால் வெட்டி, அவரவர் பண்டிகைச் சமையலுக்காக வீட்டில் காயவைத்திருந்தது. இப்போது வெட்டுவதுதான் குற்றம், முன்பே வெட்டியதைக் கொடுத்தால் குற்றமில்லை என்று பழனியம்மா பூசாரியிடமே போய்க் கேட்டு உத்தரவு வாங்கியிருக்கிறார். வீடு வீடாக அவர் என்ன சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. "பூச்சிக்கு மேலுக்குச் சரியில்ல, வூட்டுக்கு ஒரு கட்டு வெறகு குடுங்க" என்றாராம். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் மிளகையும் அந்த உலைதானே காயவைக்கிறது.

வந்தவர்கள் சும்மா போவார்களா? நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வெளியிலிருந்து டாங்க்கின் கண்ணாடிச் சாளரத்தைக் காட்டினோம். மங்கலான கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒன்று தெரியும், வேறு எதுவும் தெரியாது. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங், இது சாராயம் காச்சற பூச்சிதானுங்களே? அப்படின்னா கட்டாயம் காப்பாத்தோணுமுங்க" என்றார். குடிக்க முடியாதுங்க, வண்டிக்குத்தான் என்று எட்டு மாதமாகச் சொன்னதை மறுபடி சொன்னேன். "அது செரிங்க. பொழைச்சு வரட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்று கட்டை இறக்கிவிட்டுப் போனார். இரண்டு நாளில் நான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

உச்சிப் பொழுதுக்கு அந்த விறகில் உலையைப் பிடித்தோம். முதலில் வந்த வாயுவைப் புகைபோக்கியிலேயே எரித்துவிட்டு, மறுபடி தாளைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. டாங்க்கின் வால்வைத் திறக்க நான் கை வைத்தபோது பழனியம்மா சன்னலுக்கு வெளியிலிருந்து, "மேடம், ஒரு வாய்தான். ஒரு வாய்தானுங்க" என்றார். ஒரு வாய்தான் கொடுத்தேன். அப்படியே வெளியே வந்தது. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு வாய். அதுவும் வந்தது. மூன்றாவதும் வந்தது. அருள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

நான்காவது தடவை, உள்ளே போனதைவிட வெளியே வந்தது குறைவு. கருவியின் பிழையளவுக்குள்தான் இருந்தது அந்த வித்தியாசம். ஐந்தாவது தடவை சந்தேகமே இல்லை. "அசை போடுது!" என்று கத்தினேன். அருள் ஓடிவந்தார். எண்ணைப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார், பிறகு என் பாதத்தைத் தொட்டுக் கும்பிடப் போய், நான் தடுத்ததும் பழனியம்மாவைத் தேடி ஓடினார். அந்த அம்மாள் மாவிளக்கு எடுக்க நேரமாச்சு என்று அதற்குள் கோயிலுக்குப் போயிருந்தார். அருள் அங்கேயே போய், ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவில், பூச்சி பொழைச்சிடுச்சு என்று கத்தியிருக்கிறார். கூட்டம் குலவை போட்டதாம். ஒரு பாக்டீரியாக் கூட்டத்துக்காகக் குலவை போட்டது உலகத்திலேயே எங்கள் அரியூர் நாட்டில் மட்டும்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

திங்கட்கிழமை ஆய்வுக் குழு வந்தது. எரிசாராயம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் நாங்கள் கடிதத்தில் எழுதியிருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. பராமரிப்பு வேலை என்று சொல்லும்படி வந்த யோசனை என் காதிலேயே இருந்தது. சுலபமான பொய். குழுவின் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எண் ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்டபோது என் நாக்கு நுனி வரை அது வந்தது. சன்னலுக்கு வெளியே பழனியம்மா நின்றுகொண்டிருந்தார். அந்தப் பொய்யைச் சொன்னால் அவர் சொன்ன வைத்தியத்தையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு மனது வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். கூடுதல் புகைக்கு ஆசைப்பட்டது, விறகைக் கேட்காமல் விட்டது, பசி என்று நினைத்து நஞ்சை ஊட்டியது, உறைய வைக்காமல் தள்ளிப்போட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

தலைவர் குறிப்பேட்டை மூடிவைத்தார். பிறகு, "எனக்கு டாங்க் வேண்டாம். உலையைக் காட்டுங்க" என்றார். பழனியம்மாவும் அவரும் உலைப் பக்கம் நின்று அரைமணி நேரம் ஆட்டைப் பற்றியே பேசினார்கள். திரும்பி வந்து என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவ்வளவு நஞ்சைத் தின்னும் பிழைச்சிருக்கே, இப்ப டாங்க்கில் இருப்பது போன வாரம் இருந்த அதே கூட்டமா?"

எனக்கும் அருளுக்கும் அது தோன்றவே இல்லை. அது அதே கூட்டம் இல்லை. தாங்க முடியாதவை செத்துப்போக, தாங்கியவை பெருகியிருந்தன. வேலை மலையிலேயே தொடரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைக் குச்சியைக் கலந்து பழக்கினோம். கடைசியில் பச்சை மரவள்ளிப் புகையைச் சாதாரணமாகத் தின்னும் ஒரு பூச்சி எங்களிடம் இருந்தது. என் முட்டாள்தனத்தில் விளைந்த நல்ல பயிர் அது. இந்த முறை அன்றைக்கே உறைய வைத்தேன்.

குப்பியில் ஒட்டும் சீட்டில் பெயர் எழுத வேண்டும். அருள் யாரையும் கேட்காமல் "பழனியம்மா" என்று எழுதிவிட்டார். செய்தி தெரிந்ததும் பழனியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "ஏனுங்க, பூச்சிக்கா எம் பேரு? அதுவும் ஐஸ் பொட்டிக்குள்ள வெச்சிருக்கீங்களாம்? நான் என்ன மீனா?" என்றார். அருள் நடுங்கிப்போய், பெயரை மாற்றிவிடுகிறேன் என்றார். பழனியம்மா கொஞ்ச நேரம் அந்தக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேண்டாம், இருக்கட்டும் விடுங்க. ஆனா எம் பேர வெச்சுட்டு வேலைக்கு வரலைன்னா ஊருல எனக்குத்தான் அவமானம். மக்கர் பண்ணுச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க."

நீங்கள் நாளைக்கு உறைபெட்டியைத் திறந்து எடுக்கப்போவது அந்தக் குப்பியின் வழி வந்ததுதான். என்றாவது ஒருநாள் அது தின்ன மறுக்கும். கணக்குப் போடுங்கள், கருவிகளைப் பாருங்கள், பெரியவர்களைக் கேளுங்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் கட்டுப்பாட்டு அறையின் சுவரில் எழுதியிருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். அரியூர் நாட்டில் பழனியம்மா எடுப்பார். நலம் விசாரிக்க மாட்டார். "தீனி என்ன போட்டீங்க கண்ணு?" என்று கேட்பார். அப்போது என்னைப் போல வளவளக்காமல், என்ன போட்டீர்களோ அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.